ஒடித்துத் திருப்பும்போது

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கேள்வி நாலு வரி. உன் மெக்கானிக்கின் தீர்ப்பு ஒரே வரி. ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் முன்னால் டக் டக் என்று சத்தம் வருகிறது, சி.வி. ஜாயிண்ட் போச்சு, இரண்டு பக்க ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும் என்கிறாராம். வண்டிக்கு அடியில் அவர் குனிந்து பார்த்ததாக நீ எழுதவில்லை. பார்த்திருக்கவும் மாட்டார். சத்தம் காதில் விழுந்ததும் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிற இந்த அவசரம்தான் எனக்கு எரிச்சல். முதலில் கேட்டிருக்க வேண்டியதை அவரும் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை. எந்தத் தரையில் சத்தம் வந்தது?

உன் ‘தார்’ ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரை 4ஹெச்சில், அதாவது ஃபோர் வீலில், தள்ளினால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே கம்பிபோலப் பூட்டிக்கொள்ளும். இது உனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறாய். அதன் விளைவை மட்டும் ரோட்டில் மறந்துவிட்டாய்.

மழை பெய்து ஓய்ந்த மைதானத்தில் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிப் பார். நான்கு தடம் தெரியும். முன் சக்கரத் தடம் எப்போதும் பின் சக்கரத் தடத்துக்கு வெளியே போகும். கணக்குப் போடு. உன் வண்டியின் வீல்பேஸ் 2.45 மீட்டர். பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்று வை. முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5.57 மீட்டரில் சுற்றும். பித்தகோரஸ்தான், வேறு மந்திரம் இல்லை. கால் வட்டம் திரும்புவதற்குள் பின்னால் 7.85 மீட்டர், முன்னால் 8.75 மீட்டர். ஒரே தெருமுனையில் 90 சென்டிமீட்டர் வித்தியாசம்! இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும் என்றால் அந்த 90 சென்டிமீட்டர் எங்கே போகும்?

மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அதைத் தீர்த்துவிடும். காய்ந்த தார் ரோடு வழுக்க விடாது. ஷாஃப்ட்டும் பல்சக்கரமும் கயிறுபோல முறுக்கேறும். பிரேக் பிடித்தாற்போல வண்டி இழுக்கும். ஒரு கட்டத்தில் ஏதாவது ஒரு டயர் பிடி விட்டுத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் டக். மறுபடி முறுக்கு, மறுபடி டக். லீவர் 2ஹெச்சுக்கு, அதாவது டூ வீலுக்கு, வர மறுத்தால் அதுவும் இந்த முறுக்கால்தான். நாலடி ரிவர்ஸ் எடுத்தால் இளகிவிடும். ஃபோர் வீல் போட்டால் ரோட்டில் கிரிப் அதிகம் என்று உன் மாமா சொல்கிறாராமே, காய்ந்த ரோட்டுக்கு அது பொருந்தாது என்று நான் சொன்னதாகவே சொல். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் வைத்தார்கள். அதை எந்த ரோட்டிலும் ஃபோர் வீலில் ஓட்டலாம். உன்னுடையது அந்த ஜாதி இல்லை.

நான் மட்டும் யோக்கியனா? பல வருஷத்துக்கு முன் ஒரு ஜீப்புக்கு நல்ல யூ.ஜே. (யுனிவர்சல் ஜாயிண்ட்) கிராஸைக் கழற்றிப் புதிது போட்டு, அதே சத்தத்தோடு திருப்பி அனுப்பினேன். பின்னால் இரண்டும் புது டயர், முன்னால் இரண்டும் தேய்ந்த டயர். சுற்றளவு ஒத்துப்போகாததால் ஃபோர் வீலில் நேர் ரோட்டிலேயே முறுக்கேறிக்கொண்டிருந்தது. ஆகவே டயரையும் காற்றையும் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாதே.

கிராஸ் என்றதும் ராபர்ட் ஹூக் நினைவுக்கு வருகிறார். மைக்ராஸ்கோப்பில் தெள்ளுப்பூச்சியைப் பார்த்துப் படம் போட்ட அதே 17-ம் நூற்றாண்டு ஆசாமி. இந்தக் கிராஸை நடுவே வைத்த, அவர் பெயர் தாங்கிய ஜாயிண்டை 30 டிகிரி வளைத்தால், உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே ஊசலாடும், சுற்றுக்கு இரண்டு தரம். முன் சக்கரத்தில் கிராஸ் வைத்த பழைய ஜீப்புகள் ஃபோர் வீலில் திரும்பும்போது ஸ்டியரிங் உதறுவது இதனால்தான். ஒரு பாகமும் கெட்டிருக்காது. இந்த ஊசலாட்டத்தை ஒழிக்கத்தான் ஆல்ஃபிரட் ரெப்பா ஆறு குண்டு வைத்த ஜாயிண்டைக் கொண்டுவந்தார். உன் மெக்கானிக் போச்சு என்று சொல்வது அந்தக் குடும்பத்து ஜாயிண்டைத்தான்.

அது போயிருக்கவும் கூடும். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆற்று மணலுக்கு வண்டியைக் கொண்டுபோய் 4ஹெச்சில் முழுக்க ஒடித்து மெதுவாகச் சுற்று. அங்கேயும் சக்கர வேகத்துக்கு ஏற்ப டிக் டிக் என்று வந்தால் ஜாயிண்ட்மேல் சந்தேகப்படு. ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். 2ஹெச்சில், ரோட்டில், ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் உறுமல் கூடினால் வீல் பேரிங்கைப் பார். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலப்பக்கம் சாயும் என்பதை மறக்காதே. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கியர் மாற்றும்போது ஒரே ஒரு டொக் என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். அதன் மூடியோரம் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரியும்.

மணலில் சுற்றிப் பார்த்துவிட்டு எழுது. தடத்தையும் டேப் வைத்து அளந்து எழுது, என் கணக்கு சரியா என்று எனக்கும் தெரிய வேண்டும். அதுவரை ஆக்ஸிலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய ஆட்டோமொபைல் வாத்தியார்