பழைய பனி வண்டிக்கு நியாய விலை எது?

பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டுமே காணும் நமக்கு, பனியில் ஓடும் வண்டியின் விலை எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023 மார்ச் மாதம் கனடாவிலுள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கியூபெக் மாகாணத்தில் தொழில் பார்க்கும் மருமகன் பழைய ஸ்னோமொபைல் ஒன்றை வாங்கித் திருத்தி விற்கப் போவதாகச் சொன்னார். கையிலிருந்த சேமிப்பில் ஒரு பகுதியை அதில் போடுவதற்கும் தயாராகிவிட்டார். "மாமா, நீங்கள் முப்பது வருடம் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்றவர்தானே, வந்து பார்த்து ஒரு விலை சொல்லுங்கள்" என்றார்.

வண்டியை நான் அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள். பின்னால் டயருக்குப் பதிலாக அகலமான இறப்பர் பட்டி. அதைத் 'ட்ரெக்' என்கிறார்கள். நடுவில் மோட்டார் சைக்கிள் போன்ற இருக்கை. பழைய வண்டிகளில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நமது நாட்டில் முன்பு ஓடிய முச்சக்கர வண்டிகளைப் போல பெற்றோலுடன் ஓயில் கலந்து ஓடுவது. அதைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

விலை பேசுவதற்கு முன் சரக்கின் வரலாறு தெரிய வேண்டும் என்பது எனது பழைய வழக்கம். கியூபெக்கில் வல்கூர் என்னும் ஊரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற கராஜ்காரர் இருந்தார். 1934ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடும் நோய். பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் வைத்தியசாலைக்குக் கொண்டு போக முடியாமல் பிள்ளை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வாகனம் செய்யும் முயற்சியில் அவர் முன்பே இறங்கியிருந்தார். அதன் பின் முழுமூச்சாக ஈடுபட்டார். 1937இல் ட்ரெக் அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர், பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய பெரிய பனி வாகனங்கள் வந்தன. 1948இல் கியூபெக் அரசாங்கம் பாதைகளில் பனியை அகற்ற வேண்டுமெனச் சட்டம் கொண்டு வந்ததும் அந்த வியாபாரம் விழுந்தது. அதன் பின்னரே சிறிய வண்டியில் அவர் கவனம் சென்று, 1959இல் 'ஸ்கி-டூ' சந்தைக்கு வந்தது. முதல் வருடம் விற்றது 225 வண்டிகள்தான். 1970களின் தொடக்கத்திலோ வட அமெரிக்காவில் ஒரே வருடத்தில் சுமார் 5 இலட்சம் ஸ்னோமொபைல்கள் விற்பனையாகின. நூற்றுக்கும் மேற்பட்ட கொம்பனிகள் இதில் இறங்கின. 1973 எண்ணெய் நெருக்கடியும் பனி குறைந்த சில குளிர்காலங்களும் சேர்ந்து அவற்றில் பெரும்பாலானவற்றை மூடச் செய்துவிட்டன.

இதில் விலைக்கு என்ன சம்பந்தம் என்றால், நிறையவே உண்டு. மூடப்பட்ட சிறிய கொம்பனியின் வண்டி இன்று அபூர்வம். அபூர்வம் என்றதும் மருமகன் விலை கூடும் என்று நினைத்தார். அப்படியில்லை. பெயரே மறந்துபோன கொம்பனியின் வண்டிக்கு உதிரிப்பாகமும் கிடையாது, தேடி வரும் ஆளும் கிடையாது. அதேவேளை, 1971 முதல் 1996 வரை விற்பனையான ஸ்கி-டூ 'இலான்' மிகச் சாதாரண வண்டி. ஆனால் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. தனது வாப்பாவின் முற்றத்தில் அதை ஓட்டிப் பழகியவர்கள் இன்று கையில் காசோடு அதைத் தேடுகிறார்கள். எனவே விலை தளம்பாமல் நிற்கிறது. நம் ஊரில் மொறிஸ் மைனருக்கு ஏன் எப்போதும் ஒரு விலை இருக்கிறது என்று யோசித்தால் இது புரியும்.

குறைவாகச் செய்யப்பட்டு, ஆட்களும் தேடும் வண்டிகளே உண்மையில் விலை கூடியவை. மேர்க்குரி கொம்பனியின் 'ஸ்னோ ட்விஸ்டர்' போன்ற பந்தய வண்டிகள் அந்த வகை. இன்னொரு வகையும் உண்டு. ஹார்லி டேவிட்சன் கொம்பனி 1970களின் முற்பகுதியில் ஸ்னோமொபைல் செய்திருக்கிறது. ட்ரெக்டர் செய்யும் ஜோன் டியர் 1972 மொடல் முதல் 1984 வரை பச்சை நிறத்தில் செய்திருக்கிறது. இவற்றைப் பனி வண்டிப் பிரியர்கள் மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள் பிரியர்களும் ட்ரெக்டர் பிரியர்களும் கேட்டு வருகிறார்கள். ஒரு பொருளுக்கு இரண்டு சந்தை இருந்தால் விற்பவனுக்கு வசதிதானே.

2023 ஜூன் மாதம், நான் ஊர் திரும்பிய பின், மருமகன் பரபரப்பாக ஒரு கோல் எடுத்தார். யமஹா கொம்பனி 2025 மொடலோடு ஸ்னோமொபைல் வியாபாரத்தை விட்டுப் போவதாக அறிவித்திருந்தது. "பழைய யமஹா எல்லாம் இனி ஏறும் மாமா, இப்போதே இரண்டு வாங்கிப் போடட்டுமா?" என்றார். கொம்பனி மூடினால் சரக்கு ஏறும் என்று நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பஞ்சிகாவத்தையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லி போனை வைத்தேன்.

இனி விலைக்கு வருவோம். விளம்பரத்தில் கேட்கும் விலை விலையல்ல. மருமகன் காட்டிய விளம்பரங்களில் 250 சீசீ இலான் வண்டிக்கு 2,800 கனேடிய டொலர் வரை கேட்டிருந்தார்கள். அதே விளம்பரம் மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. அந்த விலைக்கு எவரும் வாங்கவில்லை என்பதைத் தவிர அதிலிருந்து வேறொன்றும் தெரிய வராது. எனவே ஒரு காரியம் செய்தோம். விளம்பரம் எடுக்கப்பட்டவர்களுக்கு போன் செய்து, வண்டி விற்றுவிட்டதா, கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று மரியாதையாகக் கேட்டோம். ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னார்கள். 1,900, 2,200, 2,300. மூன்றுமே ஓடும் நிலையிலிருந்த, பார்க்க ஒழுங்கான வண்டிகள். இந்த 2,200ஐத்தான் எங்கள் கணக்கின் தலைப்பில் எழுதினேன்.

ஏப்ரல் முதல் கிழமை ஒரு கிராமத்துக்குப் போனோம். ஏப்ரல் மாதம் வேண்டுமென்றே தெரிவு செய்தது. நவம்பர், டிசம்பரில் முதல் பனி விழும்போது எல்லோருக்கும் வண்டி வேண்டும். பனி உருகும் காலத்தில் விற்பவருக்கு அது கொட்டிலில் இடத்தை அடைக்கும் சாமான்.

விற்பவர் எண்பது வயது மதிக்கத்தக்க விவசாயி. வண்டி 1978 இலான். கேட்டது 1,600. இரண்டு வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர். ஓடுகிறது என்று சொல்லப்படும் வண்டியானால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிரில் எடுக்காத வண்டியாக இருக்கலாம்.

இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். தடை இருந்தது. அதாவது பிஸ்டன் இறுகிப்போகவில்லை, அமுக்கமும் இருக்கிறது. அமுக்கமானியைப் பூட்டிப் பார்த்தபோது 115 காட்டியது. இப்படியான எஞ்சினுக்கு 100க்கு மேலிருந்தால் பேசலாம். ஆனால் இதை வைத்து எஞ்சின் நல்லது என்று முடிவெடுக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வருடக்கணக்கில் கிடந்தால் கிராங்கின் ஓயில் சீல்கள் காய்ந்து இறுகிவிடும். அவற்றின் வழியே காற்று உள்ளே போனால் பெற்றோல் கலவையின் அளவு குறைந்து, ஓயிலும் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் ஓடிய எஞ்சின், பனிக் காட்டுக்குள் பத்துக் கிலோமீற்றர் போனதும் நின்றால் நிலைமை என்ன? அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. இதில் விலைப் பிரச்சினை மட்டுமல்ல, வாங்குபவரின் உயிரும் இருக்கிறது.

அடுத்தது ட்ரெக். பின்பக்கத்தை உயர்த்தி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரம் கிழிந்திருக்கிறதா, உள்ளேயுள்ள குறுக்குக் கம்பிகள் முறிந்திருக்கின்றனவா என்று. இந்த வண்டியில் இரண்டு இடத்தில் கிழிசல். எஞ்சினுக்கு மேலுள்ள மூடி அதற்குச் சமமான முக்கியம். எஞ்சினைத் திருத்தலாம், வெடித்து உடைந்த மூடிக்கு நல்ல பழைய மூடி தேடுவது இலேசான வேலையல்ல. இதில் மூடி முழுசாக இருந்தது. நிறம் மங்கியிருந்தாலும் கொம்பனி பூசிய நிறமே. புதுப் பெயின்ற் அடித்திருந்தால் நான் இன்னும் கவனமாகப் பார்த்திருப்பேன். இருக்கை உறைக்கும் ஒட்டுப் படங்களுக்கும் இன்று புதிதாகச் செய்த பிரதிகள் கிடைப்பதால் அவற்றுக்காக விலையில் பெரிதாகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. உரிமைப் பத்திரத்திலுள்ள இலக்கம் சட்டகத்தில் பொறித்த இலக்கத்தோடு ஒத்துப் போகிறதா என்று மாத்திரம் இரண்டு தடவை பாருங்கள். களவு வண்டி அங்கும் உண்டு.

ஒரு கடதாசியில் கணக்கெழுதினேன். காபரேட்டர் சுத்தம், பெல்ட், பெற்றோல் குழாய், பிளக், இருக்கை உறை, முன் கண்ணாடி எல்லாமாக 400. நல்ல நிலையிலுள்ள பழைய ட்ரெக் 300. 2,200இல் 700 போனால் 1,500. ஓடிப் பார்க்காத எஞ்சினுக்காக 200 கழித்தால் 1,300. ஓட்டி மகிழ நினைப்பவருக்கு இதுவே நியாய விலை.

கீழ் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வண்டியைக் கழற்றிப் பாகமாக விற்றால் எஞ்சின் 400, கிளச் இரண்டும் 250, மூடி 250, பலகைகள் 150, மொத்தம் 1,050. இதற்குக் கீழே கேட்பது அந்த முதியவரின் அறியாமையை விலைக்கு வாங்குவதாகும். மருமகனோ மறு விற்பனைக்கு வாங்குகிறார். தன் உழைப்புக்கும் இலாபத்துக்கும் 250 வைத்தால், அவருக்குக் கட்டுப்படியாகும் விலையும் அதே 1,050தான். முதியவர் 1,250க்குக் கீழே இறங்கவில்லை. நான் எழும்பிவிட்டேன். மருமகன் காசை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

வண்டி ஏற்றும்போது முதியவர் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து, "இதையும் இருபது டொலருக்கு எடுத்துப் போங்கள்" என்றார். பழைய தலைக்கவசம், மஞ்சளும் கறுப்புமான குளிர் உடுப்பு, திறக்காத நான்கு ஓயில் தகரம், அடியில் ஒரு விற்பனை முகவர் கடைச் சுவர்க் கடிகாரம். இந்தச் சில்லறைச் சாமான்களுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தலைக்கவசம் அலுமாரியில் வைத்துப் பார்க்கத்தான். அத்தனை பழையதை எவரும் தலையில் போடக் கூடாது. உடுப்புக்கு எலி கடித்த இடத்தைப் பார்த்து விலை. ஓயில் தகரத்துக்குத் துருவையும் எழுத்தின் தெளிவையும் பார்த்து விலை. கடைப் பலகை, கடிகாரம் போன்றவற்றில் அண்மையில் செய்து பழசாக்கிய போலிகள் உண்டு. திருகாணியின் தலையையும் பின்பக்க வயரையும் பார்த்தால் வயது தெரியும். இது அசல். முந்நூறு டொலருக்குக் குறையாது என்று மருமகனின் முகமே சொன்னது. "மாமா, ஒன்றும் பேச வேண்டாம்" என்று தமிழில் மெதுவாகச் சொன்னார்.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முதியவரிடம் கடிகாரத்தின் பெறுமதியைச் சொன்னேன். அவர் அதை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அது காலஞ்சென்ற அவருடைய சகோதரரின் கடையில் தொங்கியதாம். விற்கவில்லை, உள்ளே கொண்டு போய்விட்டார். மற்றவற்றுக்கு 60 டொலர் கொடுத்தோம். மருமகன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வண்டியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 700 என்று போட்ட செலவு 780 ஆனது. எடுத்து வர வாடகைக்கு எடுத்த ட்ரெய்லருக்கு 90. அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது எனது பிழை. டிசம்பரில் விற்பதென்று இருந்தார். 2023-2024 குளிர்காலமோ கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமான குளிர்காலமாகிப் போனது. பனி இல்லாத இடத்தில் பனி வண்டியை யார் கேட்பார்? ஜனவரி கடைசியில்தான் 2,250க்குப் போனது. முதல் 2,120, இலாபம் 130. எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். நாற்பதுக்கு மேல் என்றார். பெட்டிச் சாமானில் ஓயில் தகரங்களும் உடுப்பும் 140க்குப் போயின. தலைக்கவசம் இன்னும் வீட்டில் இருக்கிறது, பேரன் அதைப் போட்டுக்கொண்டு ஓடாமல் மகள் மேலே தூக்கி வைத்திருக்கிறாள்.

1,250 அநியாய விலையா என்று மருமகன் பிறகு கேட்டார். இல்லை. ஓட்டுவதற்கு வாங்கும் ஒருவர் அதே விலையைக் கொடுத்திருந்தால் நானே சரி என்றிருப்பேன். விற்பதற்கு வாங்கியவர் கொடுத்ததால்தான் 200 டொலர் அதிகம். அடுத்த கடதாசியில் ட்ரெய்லர் வாடகையையும், பனி விழாத வருடத்துக்கு ஒரு தொகையையும் முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.