முகம் வீங்கிய பிள்ளையும் குளிசைக் கணக்கும்

காலையில் நித்திரையால் எழும்பும் பிள்ளையின் கண்மடல் இரண்டும் ஊதியிருக்கும். பின்னேரமாக முகத்து வீக்கம் வற்றி, காலில் விரலால் அமத்தினால் குழி விழும். சலம் நுரைத்துப் போகும். பூச்சி கடித்ததென்று தாய் நினைப்பாள். நாவூறு கழிப்பதும் உண்டு. வயிறும் ஊதிய பின்னரே வைத்தியசாலைக்கு ஓடுவார்கள். அங்கே "சிறுநீரக வருத்தம்" என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே இடிந்துபோகும்.

அந்தப் பயத்திற்குக் காரணமும் இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் கமக்காரரை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோயையும், இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைபவர்களையும் நம்மவர் கண்டிருக்கிறார்கள். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு வரும் நெப்ரோற்றிக் சின்ட்ரோம் என்பது வேறு நோய். சிறுநீரகத்தின் வடி ஓட்டைப்பட்டதுபோலாகி, இரத்தத்திலுள்ள புரதம் சலத்தோடு போய்விடுகிறது; அதனால் நீர் உடம்பில் தங்குகிறது. பத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ எட்டு ஒன்பது பேருக்கு ஸ்டீரோயிட் மருந்தான பிரெட்னிசொலோன் குளிசையால் அது அடங்கும். மருந்தும் அரச வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பதே. கெடுவது பெரும்பாலும் கணக்கிலேதான்.

இந்தக் கணக்கு 1967 இல் தொடங்கிய ஒரு சர்வதேச ஆய்வுக் குழுவின் முறையிலிருந்து வந்தது. ஒரு சதுர மீற்றர் உடற்பரப்புக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வீதம் நாலு முதல் ஆறு கிழமை; பிறகு 40 மில்லிகிராம் வீதம் ஒன்றுவிட்டொரு நாள் நாலு முதல் ஆறு கிழமை. பிள்ளை எவ்வளவு பெரிதானாலும் நாளுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. உடற்பரப்பை அறிய, உயரத்தைச் சென்ரிமீற்றரிலும் நிறையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண்பார்கள். 100 சென்ரிமீற்றர் உயரமும் 16 கிலோ நிறையும் உள்ள பிள்ளைக்கு அது 0.67 சதுர மீற்றர் அளவில் வரும். ஆகவே நாளுக்கு 40 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசையில் எட்டு. வீக்கத்தோடு நிறுத்தால் நீரின் பாரமும் சேர்ந்துவிடும் என்பதால், வைத்தியர் வீக்கமில்லாத நிறையையே தேடுவார். இது விளங்கிக்கொள்வதற்காக எழுதிய உதாரணம். ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் வைத்தியரே எழுத வேண்டும்.

எட்டுக் குளிசை என்றதும் பெற்றோர் திடுக்கிடுவது இயல்பே. "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவோ?" என்று பேத்தியார் இரண்டைக் குறைப்பார். இரண்டு கிழமையில் வீக்கம் வற்றிவிடும். ஆனால் கன்னம் உப்பி, பசி கூடி, பிள்ளை சிடுசிடுக்கும். அயலார் ஏதேதோ சொல்ல, குளிசை நிறுத்தப்படும். பெரிய ஆபத்து இங்கேதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரீனற் சுரப்பி, வெளியிலிருந்து மருந்து வரும் நாட்களில் தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் அதனால் உடனே எழும்ப முடியாது. அந்த நேரம் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் பிள்ளை சோர்ந்து விழும்; உயிருக்கே மோசம் வரலாம். உப்பிய கன்னமோ மருந்து குறையக் குறையத் தானாக வற்றும்.

ஒரு வைத்தியர் எட்டுக் கிழமை என்கிறார், இன்னொருவர் பன்னிரண்டு என்கிறார் என்று குழம்பவும் தேவையில்லை. இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. பிரித்தானியாவில் 2019 இல் வெளியான ஆய்வொன்றில், 16 கிழமை கொடுத்தும் 8 கிழமையைவிட நோய் திரும்புவது குறையவில்லை. தடிமன் வந்தால் நோய் திரும்புவது இன்னொரு தொல்லை. இதை நம் நாட்டிலேயே பேராதனையில் ஆராய்ந்தார்கள். பேராசிரியர் அசிரி அபேகுணவர்தன குழுவினர் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், தடிமன் தொடங்கியதும் ஐந்து நாள் சிறிதளவு பிரெட்னிசொலோன் கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் 365 பிள்ளைகளோடு பிரித்தானியாவில் நடந்து 2021 முடிவில் வெளியான ஆய்வில் அந்தப் பயன் தெரியவில்லை. பெரியவர்களே இரண்டு பக்கமும் நிற்கும் விடயத்தில், தடிமனுக்கென்று வீட்டில் தாமாகக் குளிசை கூட்டுவது சரியல்ல. கிளினிக்கில் கேட்டே செய்ய வேண்டும்.

அம்மாள் வருத்தம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொப்பளிப்பான் வந்தால் வேப்பிலை வைத்து, அம்மனுக்கு நேர்ந்து, வீட்டில் வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். நேர்த்தியில் பிழையில்லை. ஆனால் ஸ்டீரோயிட் எடுக்கும் பிள்ளைக்கு அது கடுமையாகலாம். கொப்புளம் வரும்வரை இருக்கக் கூடாது. வருத்தக்காரரோடு பிள்ளை பழகியது தெரிந்த அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் தடுப்பு மருந்து கொடுக்க இயலும். தடுப்பூசி நாளிலும் குளிசை விபரத்தை மருத்துவமாதுவிடம் சொல்ல வேண்டும். சில ஊசிகளைப் பிற்போடுவார்கள். வீங்கிய பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்றுக்குத்தும் வந்தால் இரவென்றும் பாராமல் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டில், வீக்கம் உள்ளபோது உப்பைக் குறைத்தால் போதும். முட்டையும் மீனும் கூடாதென்று மறிப்பவர்கள் பிள்ளையை மெலிய வைக்கிறார்கள்.

வீட்டில் ஒரு கொப்பி இருக்க வேண்டும். காலைச் சலத்தைப் பட்டியால் சோதித்து, அல்லது கிளினிக்கில் காட்டித் தந்தபடி குழாயில் காய்ச்சிப் பார்த்து, திகதி, புரத அளவு, கொடுத்த குளிசை ஆகியவற்றை எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து புரதம் இல்லையென்றால் நோய் அடங்கியது; மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் திரும்பிவிட்டது. வீக்கம் வரமுன்பே கொப்பி சொல்லிவிடும். பலமுறை திரும்பினால் லெவமிசோல் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன. எதைக் கொடுப்பதென்று முடிவுசெய்ய வைத்தியர் முதலில் கேட்பதும் அந்தக் கொப்பியைத்தான்.

இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்த ஊர்களுக்குக் கடதாசியின் பெறுமதி தெரியும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. மாரி தொடங்கமுன், இரண்டு கிழமைக்குரிய குளிசை மேலதிகமாகத் தர முடியுமா என்று கிளினிக்கில் கேட்டு வாங்கி, கொப்பியோடு சேர்த்துத் தண்ணீர் புகாத பையில் கட்டி, அடையாள அட்டைகள் இருக்கும் இடத்திலேயே வைக்கலாம்.