போஹாங் இரும்பாலையும் தென்கொரியாவும்

கொரியா என்றால் இன்று நமக்குக் காரும் செல்போனும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1953-ல் போர் நின்றபோது தென்கொரியாவில் மிஞ்சியது இடிந்த கட்டடமும் பசித்த ஜனமும்தான். கனிவளம், நீர்மின் நிலையம் எல்லாம் பெரும்பாலும் வடகொரியா பக்கம் போய்விட்டன. 1964-ல் மொத்த ஏற்றுமதியே 10 கோடி டாலர். பெண்களின் தலைமுடியில் 'விக்' செய்துகூட விற்றார்கள்! 1977-ல் அதே ஏற்றுமதி 1,000 கோடி டாலர். எப்படி முடிந்தது?

1961-ல் ராணுவப் புரட்சி நடத்தி ஆட்சிக்கு வந்த பார்க் சுங் ஹீ, வங்கிகளை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். ஏற்றுமதி செய்து காட்டும் கம்பெனிக்குக் குறைந்த வட்டியில் கடன். காட்டாதவனுக்குக் கையை விரித்துவிடுவார்கள். இறக்குமதி வரி போட்டு உள்ளூர்த் தொழிலைக் காப்பது பல நாடுகளும் செய்ததுதான். சலுகை வாங்கியவனை வெளிச்சந்தையில் ஜெயித்துக் காட்டச் சொன்னார்கள் பாருங்கள், சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

போஹாங் இரும்பாலையை எடுத்துக்கொள்வோம். கம்பெனி தொடங்கியது 1968-ல். நல்ல தாது கிடையாது, அனுபவமும் கிடையாது. கட்டுப்படியாகாது என்று மேல்நாட்டார் கடன் தர மறுத்தார்கள். காலனி ஆட்சிக்குப் பிந்தைய கணக்கைத் தீர்க்க 1965 உடன்படிக்கைப்படி ஜப்பான் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை இதில் போட்டார்கள். 1973-ல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் திறனோடு முதல் கட்டம் தயார். 1977 விரிவாக்கத்தில் நடந்ததை நம் சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஓர் அஸ்திவாரக் கான்கிரீட் 80 சதவீதம் முடிந்த நிலையில் தரக்குறைவு தெரிந்தது. ஒட்டுப்போட்டுச் சமாளிக்கவில்லை. தலைவர் பார்க் டே ஜூன் எல்லோர் கண்ணெதிரே அதை வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னார்!

நம்மைப் போன்றவர்களுக்கும் அங்கே மரியாதை இருந்தது. 1967-ல் மாட்ரிட் நகரில் நடந்த சர்வதேசத் தொழில்திறன் போட்டியில் தையலுக்கும் செருப்பு செய்வதற்கும் தங்கம் வாங்கினார்கள். 1977-ல் ஒட்டுமொத்த முதலிடம். ஜெயித்தவர்களைக் காரில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள்.

இதற்கெல்லாம் யார் விலை கொடுத்தது? சியோல் பியோங்வா மார்க்கெட்டில் நிமிர்ந்து நிற்கக்கூட உயரமில்லாத தையல் அறைகளில், சின்னப் பெண்கள் விடியவிடிய மிஷின் மிதித்தார்கள். சட்டம் புத்தகத்தில் மட்டும் இருந்தது. 1970 நவம்பர் 13-ல் ஜியோன் டே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, அந்தச் சட்டப் புத்தகத்தோடு தன்னைக் கொளுத்திக்கொண்டார். ராணுவ ஆட்சியில் நியாயம் கேட்டவனுக்குக் கிடைத்தது லத்தியும் ஜெயிலும்.

1987-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்துத் தொழிலாளர்களும் வந்தார்கள். பிறகுதான் சங்கங்கள் மளமளவென்று முளைத்தன, கூலியும் ஏறியது. அந்த வருஷம் உல்சான் நகரத்து ஹூண்டாய் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று: தலைமுடியை எங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ள விடுங்கள்!