வழக்கு எந்தப் பக்கம்?

ஆர்.கே.பேட்டையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா வந்துவிடும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேதான். தறியில் நெய்த லுங்கியை வாங்கிப் போகும் வியாபாரிகளில் பலரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். இந்தத் திருத்தணி வட்டாரமே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரு சிக்கல் வந்தவுடன், "அது வேற ஸ்டேட்டுங்க, நாம எங்க போய் அலையறது?" என்று நியாயமான பணத்தையும் உரிமையையும் விட்டுவிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்படி விட வேண்டியதில்லை. ஏமாற்றப்பட்டவர், அடிபட்டவர், விரட்டப்பட்டவர் ஆகியோருக்குப் பல விஷயங்களில் அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே வழக்குப் போடச் சட்டம் வழிவிட்டிருக்கிறது.

நெசவாளர்கள் அடிக்கடி கேட்பது செக் விவகாரம். சரக்கு போய்விட்டது, ஆந்திராவின் நகரி வியாபாரி கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. செக் கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது, நீங்கள் செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் வழக்கு. செக் கொடுத்தவர்தான் எல்லை தாண்டி வர வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: சீக்கிரம் பணம் வரட்டும் என்று அவருடைய வங்கிக்கே நேரில் போய்க் கவுன்ட்டரில் செக்கை நீட்டாதீர்கள். அங்கே அது திரும்பினால் வழக்கும் அந்த ஊருக்குப் போய்விடும்.

அடுத்தது நாள் கணக்கு. செக்கின் ஆயுள், அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் மனு போட வேண்டும். "இன்னும் பத்து நாள் பொறுங்க அண்ணே" என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நோட்டீஸை அனுப்பிவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்துங்கள். உறவு ஒன்றும் அறுந்துபோகாது. 30 நாள் தாண்டிப்போனவர்களும் பதற வேண்டாம். செக்குக்கு ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி கணக்கில் போட்டு, அது திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்று 2012-ல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தபால் ரசீதையும், நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் செக்கோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

சித்தூர் சாலையில் லாரி மோதிக் கால் முறிந்தால், எஃப்.ஐ.ஆர். அந்த ஊர்க் காவல் நிலையத்தில் இருக்கும். நஷ்டஈட்டு மனுவையும் அங்கே போட வேண்டும் என்பதில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருப்பதால் கட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் போடாதீர்கள்.

ஆந்திராவின் புத்தூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். "அடிச்சது அங்கதானே, அங்க போய் கம்ப்ளைன்ட் குடும்மா" என்று அவளைத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம். எந்த வீட்டிலிருந்து உயிர் தப்பி வந்தாளோ அதன் வாசலுக்கே மறுபடி தள்ளுகிறோம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊருக்குரிய மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். பாதுகாப்பு, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு எல்லாம் அந்த ஒரே மனுவில் கேட்கலாம். கணவன் வீட்டுக் கொடுமைக்கான குற்ற வழக்கையும், அவள் தஞ்சம் புகுந்த ஊரில் தொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பெண்களுக்கான உதவி எண் 181.

காவல் நிலையத்தில் "இது எங்க லிமிட் இல்ல" என்ற பதிலுக்கும் இப்போது இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிந்த பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நிலம் மட்டும் வேறு. பாகப் பிரிவினையானாலும் ஆக்கிரமிப்பானாலும், நிலம் இருக்கும் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் குடும்பச் சொத்தில் ஒரு பகுதி இங்கும் ஒரு பகுதி அங்கும் இருந்தால், இரண்டில் ஒரு நீதிமன்றத்தில் மொத்தத்துக்கும் சேர்த்துப் பிரிவினை கேட்க வழி உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று ஆந்திராவும் தமிழ்நாடும் 1980-களிலேயே சட்டம் செய்தன. அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை மட்டும் விட்டுவிட்டன. அந்தத் தடையை 2005-ன் மத்தியச் சட்டம் நீக்கியது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலம் பிரித்து முடித்த சொத்தை மறுபடி கிளற முடியாது. எனவே, "சும்மா ஒரு கையெழுத்தும்மா" என்று பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அண்ணன் நீட்டினால் முதலில் வாங்கிப் படியுங்கள். தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருந்தால், கையெழுத்துக்கு முன் அந்த மொழி தெரிந்தவரை வைத்து அதைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள் திருத்தணி நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 நாடு முழுவதற்குமான சட்ட உதவி எண் என்பதால், ஆந்திர நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறவர்களும் இதையே அழைத்து அங்கே வக்கீல் கேட்கலாம்.