சொந்தக் கதையைச் சொல்லலாமா?

கேள்வி: சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருக்கும் பிள்ளைகள். என் கடன், சோர்வு எல்லாம் சொன்னால் மரியாதை போய்விடாதா?
– ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: போகாது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சுவிசேஷத்தோடு தன்னையே கொடுக்க ஆசைப்பட்டதாகச் சொல்லும் பவுல், யாருக்கும் பாரமாகாமல் இரவும் பகலும் உழைத்ததையும் சேர்த்தே சொல்கிறார்.

பெல்ஜியத்தில் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய ஜோசப் கார்டைன் பாதிரியாரையும் நினைக்கிறேன். செமினரியிலிருந்து விடுமுறைக்கு வந்தவரை, ஆலைக்குப் போய்விட்ட பழைய நண்பர்கள் அந்நியனாகப் பார்த்தார்கள். தொழிலாளிக்குத் தொழிலாளியே ஊழியக்காரர் என்று அவர் பிறகு பிடிவாதமாக நின்றதற்கு அந்த வலியும் ஒரு காரணம். உங்கள் கஷ்டத்தைச் சொன்னால், பிள்ளைகள் உங்களை அப்படி அந்நியனாகப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் பவுலின் 'பாரமாகாமல்' உங்களுக்கும் உண்டு. கடந்து வந்த கஷ்டத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். இன்னும் அடைக்காத கடனைப் போதகரிடம் பேசுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வரும் பையன், 'அண்ணனுக்கு ஏதாவது கொடுக்கணுமே' என்று தன் சம்பளத்தை எண்ணக் கூடாது. கூட்டத்துக்கு வரும் ஹாஸ்டல் பெண்பிள்ளைகள் உங்களை நம்பிச் சொன்னதை மேடைச் சாட்சியாக்குவது அதைவிட மோசம். பேச்சு இருக்கட்டும், ஞாயிறு ஷிப்ட் உள்ளவர்களுக்கு வேறொரு நாளில் கூட்டம் வைக்கிறீர்களா?