கம்பளை வழக்கும் நம் கடைத்தெருவும்



சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்த விவாதத்தை வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லுகிறோம். பெடாஸ் கடைத்தெருவிலும் தோட்டங்களுக்குப் போகும் வழிகளிலும் சில வருஷங்களாக வங்காள தேசத்தார் பலசரக்குக் கடைகள் வைத்து வருகிறார்கள். முதலில் ஒரு கடை. இன்று எண்ணினால் ஒரு கை விரல் போதாது. சுராவில் மஃரிபுக்குப் போனால் முன் வரிசையில் இடமில்லை. சனிக்கிழமை இரவுகளில் ஒரு கடையின் மாடியில் அவர்கள் கூடி, ஒலிபெருக்கி வைத்துத் தம் பாஷையில் பயான் செய்கிறார்கள். இவர்களை இங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டுமென்று அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது என்றும், கடைக்காரர் ஒவ்வொருவரும் அதில் தம் கடை முத்திரையை வைப்பது என்றும் பேச்சு முடிந்தது.

விண்ணப்பத்தில் இரண்டு காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்று ஒலிபெருக்கிச் சத்தம். மற்றொன்று சுராவில் இடநெருக்கடி. மூன்றாவது காரணம் எழுதப்படவில்லை. ஆனால் அறையிலிருந்த அத்தனை பேர் மனத்திலும் அதுவே முதற் காரணமாக இருந்தது. அது வெங்காயம். வெங்காயம், பருப்பு, கடுகெண்ணெய், வெற்றிலை, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி. மறைப்பானேன்? நம் கடையிலும் பெரிய வெங்காய மூட்டை முன்போல இறங்குவதில்லை. தோட்டத்துக் குடியிருப்புகளில் நம் மக்கள் குறைந்து, வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்துவிட்டார்கள். அவர்கள் தம் பாஷை பேசுகிறவனிடம்தான் வாங்குகிறார்கள். பால்மரக் காலத்தில் தோட்டத்துத் தமிழர்கள், சீனர் கடை பக்கத்திலேயே இருந்தும், நம் பாட்டனாரைத் தேடி வந்தார்களே. அதே நியாயம்தான் இது. பாஷையும் பற்றுப் புத்தகமும் இருக்குமிடத்துக்கு ஜனங்கள் போவார்கள்.

அந்த விண்ணப்பத்தை நாம் உடனே முத்திரையிடாமல் மேசை அறையில் வைத்துக்கொண்டோம். ஏனென்று சிலர் கோபத்தோடு கேட்டார்கள். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆனாலும் நம் சமுதாயத்தின் சரித்திரத்தில் ஒரு பக்கத்தை வாசித்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் புதிதாக வந்து குவிந்தவர்கள் நாமே. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இலங்கையில் கண்டிக்குத் தெற்கே, மகாவலி கங்கைக் கரையில் கம்பளை என்று ஓர் ஊர் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள அரசர்களின் தலைநகராக இருந்த ஊர். ஆங்கிலேயர் காலத்தில் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டம் எழுந்தால் கடை எழும். கடை எழுந்தால் நம்மவர் வருவார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி முதலான ஊர்களிலிருந்து சென்று அரிசி, துணி, பலசரக்கு வியாபாரம் செய்தவர்களை அங்கே கரையோர முஸ்லிம்கள் என்று அழைத்தார்கள். சிங்களவர் வாயில் அவர்கள் ‘ஹம்பயா’. இங்கே நம்மை மாமாக் என்று சொல்லுவதைப் போல, அழைப்பவன் குரலைப் பொறுத்து அது பெயராகவும் இருக்கும், வசையாகவும் இருக்கும்.

இவர்களுக்கு முன்பே பல நூறு வருஷங்களாக அந்நாட்டில் வேரூன்றிய முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1911ஆம் வருஷத்துக் குடிமதிப்பின்படி இலங்கைச் சோனகர் சுமார் 2,34,000 பேர். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சுமார் 33,000 பேர் மட்டுமே. பழைய சோனகர்கள் சிங்களக் கிராமங்களோடு கலந்து, அவர்கள் வழக்கம் அறிந்து, அவர்கள் பாஷையும் பேசி வாழ்ந்தவர்கள். புதியவர்கள் அப்படியல்ல. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, கடைக்குள்ளேயே சமைத்து, கடைக்குள்ளேயே படுத்து, மிச்சத்தை ஊருக்கு அனுப்பியவர்கள். இதை வாசிக்கும் நம்மில் பலருடைய பாட்டனார் மலாயாவில் வாழ்ந்த விதமும் இதுவே. இன்று அந்த வங்காளி மாடியில் வாழ்கிற விதமும் இதுவே.

கம்பளையில் வலஹாகொட தேவாலயத்துப் பெரஹரா வருஷந்தோறும் மேளதாளத்தோடு அம்பகமுவ வீதி வழியே போவது வழக்கம். ஊரில் முன்பிருந்த முஸ்லிம்களுக்கு அதனால் பெரிய தகராறு ஏதும் இருந்ததில்லை. புதியவர்கள் அவ்வீதியில் தமக்கென ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். கட்டிய பின், பள்ளிவாசல் முன்னே மேளம் அடிக்கக் கூடாது என்று ஆட்சேபம் எழுப்பினார்கள். 1912ஆம் வருஷம் சர்க்கார் அவர்கள் பக்கம் சாய்ந்து, பள்ளிவாசலை ஒட்டிய நூறு கஜ தூரத்துக்கு மேளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டுமென்று உத்தரவிட்டது. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே, அதாவது தர்மகர்த்தா, அப்படிப் போக இணங்காமல் கண்டி ஜில்லாக் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். 1815ஆம் வருஷத்துக் கண்டி உடன்படிக்கையில் பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்த வாக்கே அவருடைய ஆதாரம். 1914 ஜூனில் நீதிபதி பால் ஈ. பீரிஸ் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். சர்க்கார் அப்பீல் செய்தது. 1915 பிப்ரவரி 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்து செய்தது.

ஆகவே நம்மவர் பக்கம் ஜெயித்தது. எவ்வளவு காலத்துக்கு ஜெயித்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிப்ரவரி 2 முதல் மே 28 வரை. நான்கு மாதம்கூட முழுதாக இல்லை.

1915 மே 28 வெசாக் பண்டிகை இரவு. கண்டி நகரில் காஸில் ஹில் வீதியில் கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. நடுநிசிக்குப் பின் பக்திப் பாடல் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் அந்த வீதிக்கு வந்தது. பள்ளிவாசலில் அப்போதும் ஆட்கள் இருந்ததால் போலீஸ் அதிகாரி கூட்டத்தை வேறு வீதிக்குத் திருப்பினார். முஸ்லிம்கள் பக்கமிருந்து ஏளனக் கூச்சல் எழுந்தது, கல் பறந்தது. யார் முதலில் கல்லெடுத்தார் என்ற விசாரணையில் நாம் இறங்கவில்லை. அந்த இரவில் மூண்டது கண்டியை விட்டுக் கொழும்பு வரை, அங்கிருந்து தென் பகுதி வரை ஒன்பது பத்து நாட்கள் எரிந்தது. ஜூன் 2ஆம் தேதி கவர்னர் ராபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். உத்தியோகக் கணக்கில் கொள்ளை போன முஸ்லிம் கடைகள் 4,075. தீக்கிரையான பள்ளிவாசல்கள் 17, சேதமானவை 86. கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேர். பட்டாளமும் போலீசும் சுட்டதில் மாண்டவர்கள் 63 பேர். ஜூலை 7ஆம் தேதி ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞரை இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொன்றார்கள். செல்வக் குடும்பத்துப் பிள்ளை; அவர் நிரபராதி என்றே அந்நாட்டார் இன்றும் நினைவுகூருகிறார்கள். அதற்குப்பின் அங்கத்திய அரசியலே வேறு திசையில் போயிற்று. அது நம் விஷயத்துக்கு வெளியே.

கொள்ளையையும் கொலையையும் செய்தவர்கள் மீதுதான் அவற்றின் பாவம். மேளத்தை நிறுத்தச் சொன்னதற்காக ஒருவன் கடையைக் கொளுத்தலாம் என்று எவனும் நியாயம் பேச முடியாது. அதை ஒருபுறம் வைத்துவிட்டு, நாம் கற்க வேண்டியதைப் பார்ப்போம்.

4,075 கடைகளும் பள்ளிவாசல் வாசலில் இருந்தவையா? மேளத்துக்கும் கொழும்பிலிருந்த துணிக்கடைக்கும் என்ன சம்பந்தம்? விஷயம் இதுதான். 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் மகா யுத்தம் தொடங்கியதும் கப்பல் குறைந்தது, சாமான் விலை ஏறியது. அரிசிக்கும் துணிக்கும் விலை கேட்ட ஏழை ஜனங்களுக்கு எதிரே நின்றவன் கடைக்காரன். விலை ஏறியது கப்பல்காரனாலா, மொத்த வியாபாரியாலா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தது தராசு பிடித்த கை. கையில் பணமில்லாதவனுக்குக் கடன் கொடுத்தவனும் அவனே. கடனுக்கு வந்து நின்றவனும் அவனே. மேலும் கரைநாட்டுச் சிங்கள வியாபாரிகள் அப்போது புதிதாகத் தலையெடுத்து வந்தார்கள். எந்த ஊரில் கடை போடப் போனாலும் நம்மவர் முன்பே உட்கார்ந்து, அவர்கள் கொடுக்க முடியாத விலைக்குச் சரக்கு விற்றார்கள். அநகாரிக தர்மபால போன்றவர்கள் பத்திரிகையில் எழுதிய எழுத்து இந்த எரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தது. வியாபாரப் பகையை வியாபாரப் பகை என்று சொல்லுவதற்கு யாருக்கும் கூச்சம். மேளம் என்று சொன்னால் கூச்சமில்லை. மதத்தின் மானம் ஆகிவிடுகிறது.

நம் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட வெங்காயம் இப்போது வாசகர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கலகக்காரர்கள் கடைக்குள் நுழைந்தபோது, நீ பழைய சோனகனா, நேற்று வந்த கரையோரத்தானா என்று விசாரிக்கவில்லை. பெரஹராவுக்கு ஒருநாளும் குறுக்கே நில்லாத பழைய குடும்பங்களின் கடைகளும் சூறை போயின. இதைப் பெடாஸ் தெருவுக்குப் பொருத்திப் பாருங்கள். வெளியார் ஒழிக என்று நாமே ஊர் கேட்கச் சத்தம் போட்டுப் பழக்கிவிட்டால், அந்தச் சத்தத்தை நாளை வேறொருவர் எடுப்பார். அப்போது மூன்று தலைமுறைக் குடியுரிமைக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். பர்மாவில் 1938 ஜூலையில் மூண்ட கலகத்தில் ரங்கூன் சூலியாக் கடைகள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅது பின் ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதி தருவதாகச் சொன்னதும், அவர் அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டுப் போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பொருளீட்டியதும் நாம் மிம்பரில் அடிக்கடி கேட்கும் வரலாறு. அன்ஸாரிகளின் தாராளத்தைச் சொல்ல உலமாக்கள் இதை எடுத்துரைப்பார்கள். கடைக்காரன் காதுக்கு வேறொரு கேள்வியும் எழுகிறது. அந்தச் சந்தையில் முன்பே நெய் விற்றுக்கொண்டிருந்தவன் அன்று மாலை வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்? நாம் இன்று அவனுடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

புதியவர்கள் தரப்பிலும் பாடம் உண்டு. நாம் குடியிருக்கும் இந்த ரெம்பாவ் மண் மினாங்கபாவ் மக்கள் சுமத்ராவிலிருந்து வந்து, முன்பிருந்த குடிகளோடு உறவாகிக் கலந்த மண். உண்டாங் பதவிகூட லேலா மகாராஜா, செடியா ராஜா என்ற இரண்டு வழியினரிடையே முறை வைத்து மாறுவது. ஆட்டுக் கொட்டிலில் நுழைந்தால் ஆட்டைப் போல் கத்து, எருமைக் கொட்டிலில் நுழைந்தால் எருமையைப் போல் கத்து என்று இங்குள்ளவர்கள் மலாய் மொழியில் சொல்லும் பழமொழி வெறும் பேச்சல்ல. கம்பளையில் நம்மவர் செய்யத் தவறியது இதைத்தான். அவ்வூர்ச் சோனகப் பெரியவர் நாலு பேரை அழைத்துப் போய்த் தேவாலயத்தாரோடு பேசியிருந்தால், தொழுகை நேரத்தில் ஊர்வலம் வராமல் ஓர் ஏற்பாடு செய்திருக்கலாம். அவர்கள் சர்க்காரிடம் போனார்கள். சர்க்கார் உத்தரவு கொடுக்கும். பக்கத்து வீட்டுக்காரனைக் கொடுக்காது.

ஆகையால் விண்ணப்பத்தைக் கையெழுத்துக்கு விடும்முன், சென்ற வியாழக்கிழமை அஸருக்குப் பின், சங்கத்துப் பெரியவர்கள் இருவரோடு அந்த மாடிக்கு நாம் போனோம். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். ‘பைட்டியே பாய், பைட்டியே’ என்று அரிசி மூட்டை மேல் அட்டை விரித்து உட்கார வைத்து, பால் தேநீர் கொடுத்தார். நமக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த மலாயும் சேர்ந்து ஒரு முழு பாஷை ஆகவில்லை. ஆனாலும் பேச்சு நடந்தது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். எதிர் வீட்டுச் சீனக் கிழவி தூங்க முடியாமல் தவிப்பதாகச் சொன்னபோது, அது தமக்குத் தெரியாது என்று உண்மையிலேயே வெட்கப்பட்டார். சுராவ் கூரையை நீட்டுவதற்கு ஆள் வேலை தம் மக்கள் செய்வார்கள், சாமான் நீங்கள் வாங்குங்கள் என்றார்.

விலை விஷயத்தை நாமே எடுத்தோம். பெரிய வெங்காயத்தை அடக்க விலைக்கும் கீழே விற்றால் யாரும் பிழைக்க முடியாதே என்றோம். அவர் ஒரு ரசீதைக் காட்டினார். சிலாங்கூர் மொத்த மார்க்கெட்டிலிருந்து பத்துக் கடைக்காரர்கள் கூடி ஒரே லாரியில் இறக்குகிறார்கள். நாம் ஒவ்வொருவரும் தனித்தனி வேன் அனுப்பி வாங்குகிறோம். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

கடைசியாக லைசென்ஸ் பற்றிக் கேட்டோம். வெளிநாட்டுத் தொழிலாளி தன் பெயரில் கடை நடத்தச் சட்டம் இடம் கொடாது. உள்ளூரார் ஒருவர் பெயரில் லைசென்ஸ் எடுத்து, மாதம் இவ்வளவு வெள்ளி என்று அவருக்குக் கொடுத்து நடத்துகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். இது தவறு, இதை நாம் மூடிப் பேசவில்லை. சட்டம் பார்க்க வேண்டிய விஷயம் இது ஒன்றே. யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டபோது அவர் நம்மையும் உடன் வந்த பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். அதிலிருந்த பெயர் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவருடையது. சென்ற கூட்டத்தில் விண்ணப்பம் எழுத வேண்டுமென்று முதலில் எழுந்து பேசியவரும் அவரே.

சுராவ் கூரைக்கு வேண்டிய தகரத்துக்கு விலை கேட்டு எழுதியிருக்கிறோம். கூட்டு லாரி விஷயமாக ரெம்பாவ் கடைக்காரர்கள் மூவர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். சேர விரும்புவோர் அடுத்த கூட்டத்துக்குமுன் நம்மிடம் பெயர் கொடுக்கலாம். விண்ணப்பம் நம் மேசை அறையில்தான் இருக்கிறது. கூட்டத்தன்று எடுத்து வருகிறோம்; அந்த அங்கத்தினரும் அவசியம் வர வேண்டும்.