டெனிம் துணி: கற்போர் அறியவேண்டிய மூன்று துறைகள்

ஆடை வடிவமைப்புக் கல்வியை நாடும் மாணவர் பலர், வரைதிறன் ஒன்றே போதும் எனக் கருதுகின்றனர். இக்கருத்து எத்துணைக் குறையுடையது என்பதை டெனிம் துணியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பெயரும் வடிவமும்

பிரான்சு நாட்டு நீம் நகரின் பெயரிலிருந்து 'டெனிம்' என்னும் சொல்லும், இத்தாலியின் ஜெனோவா நகரின் பெயரிலிருந்து 'ஜீன்ஸ்' என்னும் சொல்லும் பிறந்தன என்பர். இவற்றிற்கு உறவான 'டங்கரி' என்னும் சொல்லோ மும்பையின் டோங்கிரிப் பகுதியை நினைவூட்டுகிறது. 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் வணிகர் லீவை ஸ்ட்ராஸும் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றனர். உழைப்பாளர் காற்சட்டையில் பைகள் கிழியும் மூலைகளில் உலோக ரிவெட் அடித்து வலுவூட்டுவதே அவர்தம் புதுமை. பயன்படுத்துவோரின் இடர் கண்டு தீர்ப்பதே வடிவமைப்பு என்னும் முதற்பாடம் இதனால் பெறப்படுகிறது.

உற்பத்தி முறை

டெனிமில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெண்மை. பெரும்பாலும் பாவு மூன்று ஊடைகளின் மேற்சென்று ஒன்றன்கீழ் நுழைவதால், மேற்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் தோன்றுகின்றன. நீலச்சாயம் நீரில் கரையாது. வேதிமுறையில் கரையச் செய்து, நூலை அதில் தோய்த்துக் காற்றில் காட்டினால் மீண்டும் நீலமாகும். பன்முறை தோய்த்தாலும் சாயம் நூலின் புறத்தே படியுமேயன்றி நடுவே புகுவதில்லை. ஆதலின் உராயுமிடமெல்லாம் வெளுக்கிறது. பிற துணிகளுக்குக் குறையாகும் இப்பண்பே டெனிமுக்கு அழகாயிற்று. அவுரிச் செடியிலிருந்து எடுத்த இச்சாயத்தின் இடத்தை, 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த செயற்கைச் சாயம் பின்னர்க் கைப்பற்றியது.

வணிகக் கணக்கு

துணி, நூல், ஜிப், பொத்தான், தையற்கூலி, சலவை, கழிவு ஆகிய அனைத்தும் விலையில் அடங்கும். 10,000 உடைகளை வெட்டுகையில் ஒவ்வொன்றிலும் 5 செ.மீ. துணியை மிச்சப்படுத்தினால் 500 மீட்டர் எஞ்சும். சலவையில் துணி எவ்வளவு சுருங்கும் என முன்னரே சோதித்து அளவெடுக்காவிடின், ஆர்டர் முழுவதும் திரும்பி வரக்கூடும். எனவே வெட்டுமேசையை அறியாத வணிகரும், விலையை அறியாத வடிவமைப்பாளரும் ஒருங்கே இடர்ப்படுவர்.

மூன்றும் ஒன்றே

தொடையில் வெளுத்த தோற்றம் வேண்டும் என வடிவமைப்பாளர் தாளில் ஒரு கோடிடுகிறார். அக்கோட்டை நிறைவேற்றப் பட்டறைகளில் மணலை அழுத்தக் காற்றால் துணிமீது பீய்ச்சினர். நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலில் தங்கி, மீளா நோயாகிய சிலிகோசிஸை விளைத்தது. துருக்கியில் இளந்தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். உயிர் நீத்தோரும் உளர். அந்நாடு 2009இல் ஆடைத்தொழிலில் இம்முறையைத் தடைசெய்தது. புகழ்பெற்ற சில நிறுவனங்களும் 2010இல் இதனைக் கைவிடுவதாக அறிவித்தன. லேசர் ஒளி, ஓசோன் வாயு, நொதிச் சலவை முதலிய மாற்று வழிகள் இன்று உள்ளன. அவற்றின் செலவை அறிந்து விலையில் இடமளிக்கும் பொறுப்பு, கோடிட்டவரையும் கொள்முதல் செய்பவரையும் சாரும்.

முடிவுரை

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2012இல் டெனிமுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சென்னையில் 1995 முதல் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் இயங்கி வருகிறது. எங்குப் பயிலினும் மாணவர் நெசவுக்கூடம், சாயத்தொட்டி, சலவைப் பட்டறை ஆகியவற்றை நேரிற் காணுதல் வேண்டும். நாம் இடும் ஒவ்வொரு கோடும் யாருடைய கையால், எவ்வாறு துணியில் ஏறுகிறது என்பதை அறிந்தவரே இத்தொழிலைக் கற்றவர் ஆவர்.